நம்மைப் பற்றிய நூல்கள்: வாசித்தவர்கள் கண்ட பலமும் குறையும்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

"இலங்கை முஸ்லிம்கள்ட வரலாற்றைப் படிக்க ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்க சேர்" என்று அடிக்கடி கேட்கிறார்கள். க.பொ.த. உயர்தரம் எழுதிவிட்டு இருக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள், வெளிநாட்டில் வேலை செய்யும் தம்பிமார் கேட்கிறார்கள், யாரோ ஒருவரோடு முகநூலில் வாதாடிக்கொண்டிருக்கும்போது அவசரமாகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். கடைசியில் சொன்னவர்களுக்குத் தேவை ஒரு புத்தகமில்லை, அந்த நேரத்துக்கு ஒரு வரி.

நாங்கள் சில ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், பசாரில் கடை வைத்திருக்கும் ஒருவர், வாசிப்பில் ஆர்வமுள்ள சில பிள்ளைகள் என்று மாதத்தில் ஒரு நாள் கூடி நூல்களைப் பற்றிப் பேசிவருகிறோம். ஆசிரியைமாரும் வருகிறார்கள். முழு நூலும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆங்கில நூலென்றால் ஒருவர் வாசித்து மற்றவர்களுக்குத் தமிழில் சொல்வார். அப்படி வாசித்த சில நூல்களைப் பற்றி எங்களுக்குள் எழுந்த கருத்துகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறோம். ஒருவர் நல்லது என்றதை இன்னொருவர் குறை என்றார். அதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த பழக்கம் ஒன்று உண்டு. ஒரு நூலைக் கையில் எடுத்தால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எழுதியவர் யார்? எப்போது எழுதினார்? யார் வாசிப்பதற்காக எழுதினார்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் நூலின் பலமும் குறையும் பாதி தெரிந்துவிடும். மீதியை வாசித்துத்தான் அறிய வேண்டும்.

*

முதலில் எல்லோரும் பெயர் சொல்லும் இப்னு பதூதாவின் பயண நூல்.

மொரோக்கோ நாட்டுத் தஞ்சியரில் பிறந்த இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தார். புத்தளம் பக்கம் கரையிறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, ஆதம் மலைக்கு ஏறி, தெவிநுவர, காலி, கொழும்பு வழியாகத் திரும்பினார். மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கியது என்று எழுதுகிறார். கொழும்பில் ஜலஸ்தி என்ற தலைவரிடம் சுமார் 500 அபிசீனியர் இருந்ததாகச் சொல்கிறார்.

கடைக்கார நண்பர் இந்த நூலுக்குக் கொடுத்த மதிப்பெண் அதிகம். "இவர் ஆள் சொல்லக் கேட்டு எழுதல்ல. வந்து, நடந்து, பார்த்து எழுதினவர். வியாபாரக் கண் உள்ள மனிசன். முத்துக் குளிப்பைப் பத்தி, கறுவாப்பட்டையைப் பத்தி எழுதியிருக்கார். அதுதான் பலம்."

கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை உடனே வருடங்களைக் கழித்துப் பார்த்தார். நூல் எழுதி முடிந்தது 1355 அளவில். மொரோக்கோ சுல்தானின் கட்டளைப்படி இப்னு பதூதா சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்ற எழுத்தாளர் எழுதினார். இடையில் 11 வருடம். அதோடு இலங்கையை விட்டுப் போன பின் நடுக்கடலில் கொள்ளையர் அவரிடமிருந்த எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். இலங்கை மன்னர் கொடுத்த மாணிக்கங்களும் அதில் போயின. ஆகவே நாம் வாசிப்பது ஒருவரின் ஞாபகத்தை. ஊர்ப் பெயர்களும் தூரமும் சில இடங்களில் சரியாகப் பொருந்தாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்களை நீண்ட நேரம் பேச வைத்தது இன்னோர் இடம். குனகார் என்று அவர் சொல்லும் தலைநகரத்துக்கு வெளியே ஷீராஸ் நகரத்து ஷெய்க் உஸ்மானின் பள்ளி இருந்தது, அவ்வூர் மன்னரும் மக்களும் அவரைப் பெரிதும் மதித்தார்கள் என்கிறார். இந்த வரியை நாம் எத்தனையோ கட்டுரைகளில் பார்த்திருக்கிறோம். ஆனால் அதை அடுத்து வருவதைப் பலர் எடுத்துக்காட்டுவதில்லை. அந்த ஷெய்க் ஒரு பசுவை அறுத்தார். அதற்கு அங்கே மரண தண்டனை. அவர் மதிப்புக்குரியவர் என்பதால் உயிரை விட்டு, கையையும் காலையும் வெட்டினார்கள். பிறகு ஒரு சந்தையின் வருமானத்தை அவருக்குக் கொடுத்தார்கள்.

மதித்தார்கள், வெட்டினார்கள், வருமானமும் கொடுத்தார்கள். மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கிறது. "நாம் எப்போதும் நன்றாக வாழ்ந்தோம்" என்று சொல்ல விரும்புகிறவர் முதல் வரியை எடுக்கிறார். "எப்போதும் கொடுமைதான்" என்று சொல்ல விரும்புகிறவர் இரண்டாவதை எடுக்கிறார். ஓய்வுபெற்ற அதிபர் சொன்னது எங்களுக்குப் பிடித்தது: "மூன்றையும் சேர்த்து வாசிச்சாத்தான் அந்தக் காலம் தெரியும். ஒண்டை மட்டும் எடுத்தா நம்மட ஆசைதான் தெரியும்."

*

அடுத்தது றொபேட் நொக்ஸ் எழுதிய இலங்கை வரலாறு. 1681இல் இலண்டனில் வெளிவந்தது.

நொக்ஸ் பிடிபட்டது நம்முடைய பக்கத்தில்தான். 1660இல் மூதூரை அண்டிய கொட்டியாரக் குடாவில் வந்து நின்ற கப்பலில் இருந்தவர்களைக் கண்டி மன்னன் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துச் சென்றார்கள். 19 வருடம் மலைநாட்டுக் கிராமங்களில் வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றார், நெல் கடன் கொடுத்தார், சிங்களம் பேசினார். 1679இல் தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்.

அரண்மனை விருந்தாளியாக வந்து போனவர்கள் எழுதிய நூல்களில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. மக்கள் என்ன சாப்பிட்டார்கள், எப்படி நெல் விதைத்தார்கள், எப்படிச் சண்டை பிடித்தார்கள் என்பதை வேலியோரம் நின்று பார்த்தவர் எழுதியிருக்கிறார். இது எல்லோரும் ஒத்துக்கொண்ட பலம்.

நம்மைப் பற்றி அவர் சொல்வது குறைவு. அதில் ஒரு செய்தி முக்கியம். கண்டியில் சோனகருக்கு ஒரு பள்ளி இருந்தது. முன்னைய மன்னர் ஒருவர் அந்தப் பள்ளிக்கு ஓர் உரிமை கொடுத்திருந்தார். காணி வைத்திருக்கும் ஒவ்வொரு குடியானவனும் அதற்கு ஒரு சிறு பணம் கொடுக்க வேண்டும். வீடு பூட்டியிருந்தால் திறந்து அந்தப் பெறுமதிக்குப் பொருள் எடுத்துக்கொள்ளவும் அவர்களுக்கு அதிகாரம் இருந்தது.

இதைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு ஒரே சந்தோசம். பௌத்த மன்னன் ஒருவன் பள்ளிவாசலுக்கு வரி வசூலிக்கும் உரிமையையே கொடுத்திருக்கிறான். ஆனால் நொக்ஸ் இந்தச் செய்தியைச் சொல்வது, அந்நாட்டு மக்களின் தர்மம் சோனகப் பிச்சைக்காரருக்கும் போய்ச் சேர்கிறது என்று சொல்லும் இடத்தில். அதைக் கேட்டதும் சிலருக்கு முகம் சுருங்கியது. அப்போது ஒரு மௌலவி ஆசிரியர், அவர்கள் பக்கீர்மாராக இருந்திருக்கலாம், ஆங்கிலேயக் கிறிஸ்தவர் ஒருவரின் கண்ணுக்குப் பக்கீரும் பிச்சைக்காரனும் ஒன்றாகத் தெரிந்திருக்கும் என்றார். அது அவருடைய ஊகம். ஆனாலும் நூலின் குறை அங்கே தெளிவாகத் தெரிகிறது. கண்ணால் கண்டவர் என்பதற்காக, கண்டதன் பொருள் அவருக்கு விளங்கியிருந்தது என்று எடுக்க முடியாது. கிழக்குக் கரையில் அப்போது வாழ்ந்த நம்முன்னோர் பற்றி இந்த நூலில் தேடுவதிலும் பயனில்லை. அவர் வாழ்ந்தது மலையில்.

*

மூன்றாவது நூல் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். போர்த்துக்கேயப் பாதிரியார் பெர்னாவோ டி குவேறோஸ் 1687இல் கோவாவில் எழுதி முடித்த பெரிய நூல். இலங்கையைப் போர்த்துக்கேயர் கைப்பற்றிய கதை. எழுதியவர் இந்த நாட்டில் கால் வைத்தவரே இல்லை. மற்றவர்கள் எழுதியதையும் சொன்னதையும் வைத்து எழுதினார். அருட்தந்தை எஸ். ஜி. பெரேரா செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1930இல் கொழும்பில் வெளிவந்தது.

நம்மை இவர் எழுதுவது பகைவராகத்தான். போர்த்துக்கேயருக்குச் சோனகர் வியாபாரத்திலும் மதத்திலும் எதிரி. ஆகவே நூலின் தொனி அப்படித்தான் இருக்கும்.

ஆனால் கிழக்கு மாகாண முஸ்லிம்கள் பற்றிய எந்தக் கட்டுரையிலும் வரும் அந்தச் செய்தி, 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றுக்கொண்டு மட்டக்களப்புப் பக்கம் 4,000 பேரைக் குடியேற்றினான் என்ற செய்தி, இந்த நூலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. நமக்கு மிகவும் தேவையான ஒரு சான்றை நம்மை விரும்பாத ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். நமக்குச் சாதகமாக எழுத வேண்டிய தேவை அவருக்கு இல்லாததால்தான் இந்தச் செய்திக்குப் பெறுமதி கூடுகிறது.

இதிலும் அவசர வாசிப்பு ஒன்று நடக்கிறது. "அப்படியென்றால் கிழக்கு முஸ்லிம்கள் 1626இல்தான் வந்தார்கள்" என்று சிலர் எழுதுகிறார்கள். மற்றவர்கள் மட்டுமில்லை, நம்மவர்களும் எழுதுகிறார்கள். ஒரு மன்னன் ஓர் ஆண்டில் ஒரு கூட்டத்தைக் குடியேற்றினான் என்று நூல் சொல்கிறது. அதற்கு முன் அங்கே யாரும் இருக்கவில்லை என்று அந்த வரி சொல்லவில்லை. 4,000 என்ற எண்ணும் எண்ணிப் பார்த்து எழுதிய எண்ணென்று எடுக்க வேண்டியதில்லை. அக்கால நூல்களில் இப்படியான முழு எண்கள் நிறைய வரும். பெரிய கூட்டம் என்று விளங்கிக்கொண்டால் போதும்.

*

இனி எங்கள் கூட்டத்தில் சத்தம் கூடிய நாள். பொன்னம்பலம் இராமநாதனும் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸும்.

1888இல் இராமநாதன் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அப்போது அவர் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதி. சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் முஸ்லிம்கள் என்பது அவர் முடிவு. பேசும் மொழி, வழக்கங்கள், உடல் தோற்றம் ஆகியவற்றைச் சான்றாகக் காட்டினார். அடுத்த வருடம், 1889இல், சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் கிடைத்து எம்.சி. அப்துல் றஹ்மான் நியமிக்கப்பட்டார். ஆகவே அந்தக் கட்டுரையை அந்த ஆசனத்தோடு சேர்த்து வாசிப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

1907இல் அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு எழுதி நூலாக வெளியிட்டார். சோனகர் சங்கத்தின் தலைவர், 'முஸ்லிம் பாதுகாவலன்' பத்திரிகையின் ஆசிரியர். மொழியை வைத்து இனத்தை முடிவு செய்ய முடியாது, நம் முன்னோர் வியாபாரத்துக்கு வந்து இங்கே மணம் முடித்துத் தங்கிய அரபிகள் என்பது அவருடைய வாதம். 1957இல் இந்த நூல் மறுபதிப்பாக வந்தது.

எங்களில் பெரும்பாலானோர் வாசிக்கத் தொடங்குமுன்பே அஸீஸின் பக்கம் நின்றார்கள். அது இயல்பு. ஆனால் இரண்டையும் வாசித்த பிறகு சில கருத்துகள் மாறின.

இராமநாதனின் பலம், அவர் கண்முன் இருந்த வாழ்க்கையைப் பார்த்தார் என்பது. நம் வீடுகளில் என்ன மொழி பேசுகிறார்கள், கலியாணத்தில் என்ன செய்கிறார்கள், காயல்பட்டினம் போன்ற ஊர்களோடு என்ன உறவு என்று பார்த்தார். நம்மவர்களே எழுதிவைக்காத சில விபரங்கள் அவருடைய கட்டுரையில் இருக்கின்றன. அவருடைய குறை, தாம் கண்டவற்றிலிருந்து எட்டிய முடிவு. ஒரு சமூகம் தன்னை யார் என்று சொல்கிறது என்பதை அவர் ஒரு சான்றாகவே எடுக்கவில்லை. அவருடைய அரசியலுக்குப் பொருந்தும் முடிவாகவும் அது இருந்தது.

அஸீஸின் பலம், ஒரு சமூகம் முதல் முறையாக ஆராய்ச்சி மொழியில் தனக்காகத் தானே பேசியது. கோபத்தைக் காட்டிவிட்டு நிறுத்தாமல் ஒவ்வொரு சான்றாக எடுத்துப் பதில் சொன்னது. அவர் அரபு வம்சத்தை முன்னால் வைத்தாலும் பத்திரிகை நடத்தியது தமிழில் என்பதையும் மறக்கக்கூடாது. அவருடைய குறை, வழிவழியாகச் சொல்லப்பட்ட அரபு வருகைக் கதைகளில் அவருக்கு இருந்த நம்பிக்கை. ஹாஷிம் குடும்பத்தார் கலீபா அப்துல் மலிக்கின் காலத்தில் நாடு விட்டு வந்து இலங்கையில் எட்டு இடங்களில் குடியேறினார்கள் என்ற மரபை 1827இல் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் எழுதி வெளியிட்டார். அது ஒரு மரபு. மரபுக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஆயிரம் வருடத்துக்குப் பிறகு எழுதப்பட்ட மரபும் ஒரு கல்வெட்டும் ஒரே எடை இல்லை.

இந்த இடத்தில் ஓர் ஆசிரியை கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்கவில்லை. "இரண்டு பேரும் வாப்பாமாரைப் பத்தித்தானே சண்டை பிடிக்காங்க. உம்மாமார் எங்க?"

உண்மைதான். நம்முடைய பகுதியில் குடி உம்மாவின் வழியில் வருகிறது. வீடு பெண்பிள்ளைக்குப் போகிறது. பள்ளிவாசல் மரைக்காயர் தெரிவே பல ஊர்களில் அந்தக் குடிகளை வைத்து நடந்து வந்தது. பக்கத்து ஊர்த் தமிழர்களிடமும் இதே குடி வழக்கம் இருக்கிறது. நாம் யார் என்ற கேள்விக்கு இதைவிடப் பெரிய சான்று எது? ஆனால் 1888இலும் 1907இலும் இரண்டு படித்த ஆண்கள் கொழும்பில் நடத்திய வாதத்தில் மையமாக இருந்தது ஆண்வழி இரத்தம். நம்முடைய மூத்தம்மாமார் அதற்கு வெளியே நின்றார்கள். இரண்டு நூலுக்கும் பொதுவான குறை என்று நாங்கள் கண்டது இது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே பிற்காலத்தில் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட நூலில்தான் இந்தக் குடி முறை விரிவாக வருகிறது.

இராமநாதனின் இன்னொரு நூலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1915 கலவரத்தையும் இராணுவச் சட்டத்தையும் பற்றி 1916இல் இலண்டனில் வெளியிட்டது. இராணுவச் சட்டத்தின் பெயரால் சிங்கள மக்களுக்கு நடந்த அநியாயங்களை, விசாரணையின்றிச் சுடப்பட்டவர்களைப் பற்றி, ஆட்சியாளருக்குப் பயப்படாமல் எழுதினார். அது நூலின் பெரிய பலம். ஆனால் அந்தக் கலவரத்தில் கடை இழந்த, வீடு இழந்த, உயிர் இழந்த முஸ்லிம்களின் குரலுக்கு அதில் கிடைத்த இடம் மிகச் சிறியது. 1888இல் "நீங்களும் நாங்களும் ஒன்று" என்றவரின் நூலில் 1916இல் நம்முடைய துயரம் இப்படி ஓரமாக இருந்தது. நம் பெரியவர்கள் சிலர் இராமநாதனின் பெயரைக் கேட்டதும் முகத்தைத் திருப்பியதற்குக் காரணம் அந்த முதல் கட்டுரை மட்டுமில்லை.

ஆனாலும் அநியாயமாகச் சுடப்பட்ட ஒரு சிங்களவரின் குடும்பத்துக்கு அந்த நூல் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரே நூல் ஒருவருக்கு நீதியாகவும் மற்றவருக்கு மௌனமாகவும் இருக்கலாம்.

*

நமது காலத்துக்கு வருவோம். லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூல். 900ஆம் ஆண்டு முதல் 1915 வரை ஆயிரம் வருட இன ஒற்றுமை என்று தலைப்பிலேயே சொல்கிறார். அவர் கண்டி இராச்சியம் பற்றி ஆராய்ந்த வரலாற்றுப் பேராசிரியர்.

எங்களில் அதிகம் பேர் பாராட்டியது இந்த நூலைத்தான். காரணம், சிங்கள மூலங்களை வாசித்த ஒருவர் எழுதியது. கண்டி மன்னர்களுக்கு வைத்தியம் பார்த்த கோபால பரம்பரை, அவர்களுக்குக் கிடைத்த காணிகள், மாட்டுத் தவளங்களில் உப்பும் கருவாடும் ஏற்றி மலைநாட்டுக்குக் கொண்டுபோய்ப் பாக்கோடு திரும்பிய நம்மவர்கள், அரண்மனை நிர்வாகத்தில் அவர்களுக்கு இருந்த இடம் என்று பல விபரங்களை அரச ஆவணங்களோடு காட்டுகிறார். ஒரு சிங்களப் பேராசிரியை இதை எழுதினார் என்பதும், 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் முழுவதாக வெளியேற்றப்பட்டு நான்கு வருடத்தில் இந்த நூல் வந்தது என்பதும் சின்ன விசயமில்லை. அந்த நேரத்தில் நமக்கு இப்படி ஒரு நூல் தேவைப்பட்டது.

குறையைச் சொன்னது ஒரு மாணவன். "ஆயிரம் வருசம் ஒத்துமையா இருந்தா 1915 எப்படி சேர் வந்தது?"

நல்ல கேள்வி. ஒற்றுமையைக் காட்டுவதே நோக்கம் என்று தலைப்பிலேயே முடிவு செய்துவிட்டால் உரசல்களைத் தேடும் கண் மங்கிவிடும். நூல் நிற்கும் ஆண்டே அது உடைந்த ஆண்டு. கடைத் தெருப் போட்டி, கடன், காணி, ஊர்வலம் போகும் பாதை என்று சின்னச் சின்னதாகச் சேர்ந்தவைதான் ஒரு நாள் பெரிதாக வெடிக்கின்றன. அவற்றை அறியாமல் ஒற்றுமையை மட்டும் படித்த பிள்ளை, கலவரம் வரும்போது படித்தது எல்லாம் பொய் என்று நினைத்துவிடுகிறது. ஒற்றுமை உண்மை. உரசலும் உண்மை. உரசலோடு சேர்ந்து எப்படி வாழ்ந்தார்கள் என்று சொன்னால்தான் இன்றைக்குப் பிரயோசனம்.

*

பெரிய நூல்களோடு நிற்காமல் நம்முடைய ஊர் மலர்களையும் ஒரு மாதம் எடுத்தோம். பாடசாலை நூற்றாண்டு மலர், பள்ளிவாசல் திறப்பு விழா மலர், சங்கங்களின் ஆண்டு மலர்கள். இவற்றை வரலாற்று நூலென்று யாரும் மதிப்பதில்லை. ஆனால் முதல் அதிபர் யார், முதல் கட்டடம் எந்த ஓலையில் போட்டது, எந்த வெள்ளத்தில் எந்த வீதி போனது, எந்த வயல் கண்டத்துக்கு என்ன பெயர் என்ற விபரங்கள் இவற்றில்தான் இருக்கின்றன. எந்தப் பல்கலைக்கழக நூலிலும் அவை கிடைக்காது.

குறையையும் சொல்லவேண்டும். முதல் இருபது பக்கம் வாழ்த்துச் செய்தி. பணம் கொடுத்தவரின் படம் பெரிது. கூலி வேலை செய்து மண் சுமந்தவரின் பெயர் இல்லை. பெண்பிள்ளைகளை முதன்முதலில் பாடசாலைக்கு அனுப்பிய உம்மாமாரின் பெயர் இல்லை. ஊரில் நடந்த சண்டை எதுவும் இல்லை. நம்மைப் பற்றிப் பிறர் எழுதும்போது நாங்கள் தேடும் குறைகள் எல்லாம் நாமே எழுதும்போதும் இருக்கின்றன.

*

இவ்வளவையும் ஏன் எழுதுகிறோம்?

2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் வீடுகளில் நூல்களுக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். சோதனைக்கு வருகிறார்கள் என்ற பயத்தில் அரபு எழுத்து இருந்த எதையும் எரித்தார்கள், புதைத்தார்கள், கிணற்றில் போட்டார்கள். அதில் அரபுத்தமிழில் எழுதிய பழைய கிதாபுகளும் போயின. எழுத்து அரபு, மொழி நம்முடைய தமிழ். தேடி வந்தவருக்கும் அது என்னவென்று தெரியாது, எரித்த நமக்கும் பல இடங்களில் தெரியாது. மூத்தம்மா ஓதிய நூல் என்பது மட்டும் தெரியும். 2021இல் இஸ்லாமிய நூல்களை இறக்குமதி செய்யப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற நடைமுறை வந்தது.

மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். அவரும் ஓர் ஆசிரியர். 'நவரசம்' என்ற அவருடைய கவிதை நூல் அவருக்கு எதிரான சான்றாக வைக்கப்பட்டது. யுத்தத்துக்கும் வன்முறைக்கும் எதிரான கவிதைகள் உள்ள நூல் அது. 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தில் விடுதலை. ஒரு கவிதை நூலைச் சரியாக வாசிக்காததற்கு ஓர் இளைஞர் கொடுத்த விலை ஒன்றரை வருடத்துக்கும் மேலான சிறை.

அவருடைய கவிதைகளைப் பற்றி யாருக்கும் கருத்து இருக்கலாம். நல்ல கவிதை என்றும் சொல்லலாம், சுமார் என்றும் சொல்லலாம். அதைச் சொல்ல முதலில் வாசிக்க வேண்டும். வாசிக்காமல் ஒரு வரியை வெட்டி எடுத்துக் குற்றம் சாட்டுவதும், வாசிக்காமல் ஒரு வரியை வெட்டி எடுத்துப் பெருமை பேசுவதும் ஒரே பழக்கம்தான். முதலாவதை நமக்கு மற்றவர்கள் செய்யும்போது வலிக்கிறது. இரண்டாவதை நாம் தினமும் வட்ஸ்அப்பில் செய்கிறோம்.

"நாம் இந்த நாட்டுக்கு எப்போது வந்தோம்" என்று யாராவது கேட்டால் நம் பிள்ளைகள் பதறக்கூடாது என்பதுதான் எங்களுடைய விருப்பம். இந்த நாட்டின் குடிமகனாக இருப்பதற்கு ஆயிரம் வருடத்துக் கல்வெட்டு எவருக்கும் தேவையில்லை. வரலாறு படிப்பது நம்மை விளங்கிக்கொள்ள. ஒரு பழைய நூல் நமக்குச் சாதகமாக இருந்தாலும் பாதகமாக இருந்தாலும், இதில் இது பலம், இது குறை என்று நிதானமாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. வெளியில் உள்ளவரும் முடியாது, உள்ளே இருப்பவரும் முடியாது.

ஆகவே ஊரவர்களிடம் சில வேண்டுகோள்கள்.

வீட்டில் பழைய நூல், கிதாபு, காணி உறுதி, விழா மலர், கையெழுத்துக் கொப்பி எது இருந்தாலும் எறிய வேண்டாம். என்னவென்று தெரியாவிட்டால் எங்களிடமோ ஊரில் விசயம் தெரிந்த ஒருவரிடமோ காட்டுங்கள். தொலைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்தாலே பெரிய காரியம்.

நூலிலிருந்து ஒரு வரியைப் பகிரும்போது நூலின் பெயர், ஆண்டு, பக்கம் மூன்றையும் போடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளை வாசித்த பிறகு பகிருங்கள்.

அடுத்த விழா மலர் போடுகிறவர்கள் வாழ்த்துச் செய்தியைக் குறைத்து, எழுபது எண்பது வயதான உம்மாமார் பத்துப் பேரிடம் பேசி எழுதுங்கள். அவர்கள் சொல்வதில் ஆண்டு பிழைக்கலாம். ஆனால் அவர்கள் போன பிறகு கேட்க ஆளில்லை.

அடுத்த மாதம் சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' எடுக்கிறோம். 1885இல் வந்த, இலங்கையின் முதல் தமிழ் நாவலென்று பலரும் சொல்லும் நூல். ஆனால் கதை நடப்பது எகிப்திலும் பம்பாயிலும். கண்டியில் இருந்த ஒரு சட்டத்தரணி முதல் நாவலை எழுத உட்கார்ந்தபோது ஏன் தன் ஊரை எழுதவில்லை என்பது எங்கள் முதல் கேள்வி. வாசித்தவர்கள் வாருங்கள், வாசிக்காதவர்களும் வந்து கேளுங்கள்.

மேலே சொன்ன நூல்களில் ஏதாவது ஒன்றை வாசித்தவர்கள் உங்கள் கருத்தை எழுதுங்கள். எங்களோடு உடன்படாதவர்கள் கட்டாயம் எழுதுங்கள். பக்க எண்ணையும் சேர்த்து எழுதினால் மிகவும் சந்தோசம்.